நாடெங்கும் செல்லும் உரிமம்



தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கும். பள்ளி இறுதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஊரிலுள்ள காணித் துண்டுக்கு வரி செலுத்திய இரசீது ஆகியவை அதில் பத்திரமாக இருக்கும். அப்பெட்டியில் இருக்க வேண்டிய மற்றொன்றைப் பலர் பணப்பையில் வைத்துக்கொண்டு, பல்லாண்டுகள் அதை எடுத்துப் பாராமலேயே காலங் கழிக்கின்றனர். அதுதான் ஊரில் இருந்தபொழுது பெற்ற ஓட்டுநர் உரிமம். லைசென்ஸ் என்று பேச்சில் வழங்கும் அச்சிறு அட்டையைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விழைகின்றோம்.

ஓர் உரிமம் பத்திரமாக இருப்பது வேறு, செல்லுபடியாக இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை நாம் காலங்கடந்தே அறிந்துகொண்டோம். அந்நிலை நேயர்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இப்பேச்சின் நோக்கம்.

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஓர் இரவு. டில்லியில் இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் நாம் வசிக்கின்றோம். அம்மாதத்து மூடுபனியை அறிந்தவர் அறிவர். பத்தடி தூரத்தில் உள்ள விளக்குக் கம்பமும் கண்ணுக்குத் தென்படாது. நள்ளிரவு கழிந்து எதிர்வீட்டு அம்மையார் நம் கதவைத் தட்டினார். கும்பகோணத்துக்காரர், நமக்கு மாமி முறையாகப் பழகுபவர். "தம்பி, மாமாவுக்கு மார்வலி. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்கிறார்கள். வண்டியை எடுக்க முடியுமா?" என்றார். உடனே வண்டியை எடுத்தோம். நெஞ்சு படபடக்க, முன்னால் சென்ற லாரியின் சிவப்பு விளக்கையே வழிகாட்டியாகக் கொண்டு மருத்துவமனை சேர்ந்தோம். கடவுள் கிருபையால் மாமா பிழைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் வீடு திரும்பும்பொழுது, ஒரு நாற்சந்தியில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். உரிமத்தைக் கேட்டார், பெருமையோடு எடுத்துக் கொடுத்தோம். அவர் கைவிளக்கின் ஒளியில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதன் தேதி எப்பொழுதோ போய்விட்டதே, ஐயா" என்று இந்தியில் அமைதியாகச் சொன்னார். 2003-ஆம் ஆண்டு நவம்பரில் தென்பாண்டிச் சீமையின் சிறு நகரம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கெனப் பெற்ற அவ்வுரிமம், 2023-ஆம் ஆண்டு நவம்பரிலேயே முடிந்துபோயிருந்தது. பதினான்கு மாதங்களாக நாம் உரிமமின்றி வண்டி ஓட்டியிருக்கின்றோம்! மருத்துவமனைக்குச் சென்று வந்த விவரத்தைச் சொன்னோம். அவர் இரக்கத்தோடு கேட்டார். ஆயினும் அபராதச் சீட்டை எழுதினார். அது முறையே. உரிமமின்றி ஓட்டுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 181-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் 5,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் அப்பிரிவு இடமளிக்கிறது.

அபராதத்தைவிட நம்மைச் சுட்டது, வீட்டில் கேட்ட கேள்வி. "உதவிக்குப் போனீர்கள், சரி. அந்தப் பனியில் யாராவது குறுக்கே வந்து அடிபட்டிருந்தால் அவர்கள் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?" என்று இல்லத்தரசியார் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தாலும், ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையெனில், கொடுத்த தொகையை வண்டியின் சொந்தக்காரரிடமிருந்து திரும்பப் பெற அந்நிறுவனத்துக்கு வழியுண்டு. 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று இதனை விரிவாக விளக்கியுள்ளது. ஒரு சம்பளக்காரரின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரு தேதியின் பொருட்டுக் கரைந்துபோகக் கூடும்.

இனி, அடுத்து நாம் செய்த பிழையைச் சொல்வோம். உரிமம் ஊரில் எடுத்ததாயிற்றே, ஊருக்குச் சென்றுதானே புதுப்பிக்க வேண்டும் என்று எண்ணிவிட்டோம். விடுமுறைக்கு விண்ணப்பிக்கவும் இரயிலுக்கு இடம் பதியவும் ஆயத்தமானோம். ஊரிலிருந்த உறவினர் ஒருவர், "தேர்வும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம், தரகர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பணம் கொடுத்தால் போதும்" என்று வேறு சொன்னார். அந்நேரத்தில் நம் தொழில் நமக்குக் கைகொடுத்தது. சட்டங்களையும் விதிகளையும் மொழிபெயர்ப்பதே நாம் உண்ணும் சோற்றுக்கு வழி. பிறருக்காகப் படிப்பதை ஒருமுறை நமக்காகவும் படிப்போமே என்று, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டோம்.

இந்நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென 1914-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் ஏற்பட்டது. பிறகு 1939-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டில் பெரிதும் திருத்தப்பட்டது. இச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு ஒரே வாக்கியத்தில் அமைந்தது. இச்சட்டப்படி வழங்கப்பட்ட பழகுநர் உரிமமும் ஓட்டுநர் உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும் என்பதே அதன் சாரம். 15-ஆவது பிரிவோ, எந்த உரிமம் வழங்கும் அதிகாரியும் ஓர் உரிமத்தைப் புதுப்பிக்கலாம் என்கிறது. முதலில் வழங்கியவர் வேறோர் அதிகாரியாயின், புதுப்பித்தவர் அச்செய்தியை அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வோர் இருப்பார்கள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் மறந்துவிடவில்லை. நாம்தான் அதைப் படிக்காதிருந்தோம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விளைந்த மாறுதல்களை நேயர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். பலர் இன்னும் பழைய கணக்கையே மனத்தில் வைத்திருக்கின்றனர். முன்பு, சொந்த உபயோகத்துக்கான உரிமம் 20 ஆண்டுகளுக்கு, அல்லது 50 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். இப்பொழுது, முப்பது வயது நிறையாதவர் பெறும் உரிமம் அவருக்கு 40 வயது ஆகும் வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருப்பவருக்கு 10 ஆண்டுகள். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருப்பவருக்கு 60 வயது வரை. ஐம்பத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவருக்கு 5 ஆண்டுகள். வாடகை வண்டி, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்டுவோர்க்கும் பொதுவாக 5 ஆண்டுகளே.

முன்பு, காலம் முடிந்த பின்னும் 30 நாட்கள் அவ்வுரிமம் செல்லும் என்ற சலுகை இருந்தது. அது நீக்கப்பட்டுவிட்டது. முடிவுத் தேதிக்கு மறுநாள் வண்டி ஓட்டினாலும் உரிமமின்றி ஓட்டியதாகவே ஆகும். முடிந்து 5 ஆண்டுகள் வரை தேர்வின்றிப் புதுப்பிக்கலாம் என்ற பழைய விதியும் மாறிவிட்டது. முடிவுத் தேதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். அது கடந்து ஓராண்டுக்குள்ளும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு கடந்துவிட்டாலோ, வண்டி ஓட்டும் திறமைத் தேர்வில் மீண்டும் தேற வேண்டும். பதினான்கு மாதம் உறங்கிய நமக்குக் கிடைத்தது அத்தேர்வே. இரண்டு மாதம் முன்னதாக விழித்திருந்தால் அது தேவைப்பட்டிராது.

விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவாகன் வலைத்தளத்தில் உள்ள சாரதி என்னும் பகுதியில் தொடங்கலாம். கட்டணம் சில நூறு ரூபாய்களே. தற்பொழுது வசிக்கும் இடத்துக்குச் சான்று வேண்டும். ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு முதலியவற்றில் இப்போதைய விலாசம் இருத்தல் நலம். நம்மவரில் பலர் இவை அனைத்திலும் ஊர் விலாசத்தையே விட்டுவைத்திருப்பதால் இந்த முதற்படியிலேயே தடுக்கி விழுகின்றனர். இன்னுமொரு தடையும் உண்டு. பழைய நாளில் கையால் எழுதியும், அந்தந்த அலுவலகக் கணக்கில் மட்டும் பதிந்தும் கொடுத்த உரிமங்கள் சில, நாட்டுக்குப் பொதுவான கணினிப் பதிவில் இன்னும் ஏறாமல் இருக்கும். உங்கள் உரிமத்தின் எண்ணை அவ்வலைத்தளத்தில் இட்டுப் பாருங்கள். விவரம் கிடைக்கவில்லையெனில், முதலில் உரிமம் வழங்கிய அலுவலகமே அதைப் பதிவேற்ற வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். முடிவுத் தேதி நெருங்கும்பொழுது ஓடுவதற்கான வேலை அன்று அது.

நாற்பது வயதைத் தாண்டியவர் 1-அ என்னும் படிவத்தில் மருத்துவரின் சான்று பெற வேண்டும். இதனை வெறும் கையெழுத்துக் காரியம் என்று எண்ணியே நாம் மருத்துவரிடம் சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியோடு நம்மைச் சன்னல் அருகே நிறுத்தி, தெருவில் நின்ற ஒரு காரின் எண்ணைப் படிக்கச் சொன்னார். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் எண் பலகையைக் கண்ணாடி அணிந்தேனும் படிக்க இயல வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு எழுத்துக்களைப் படித்தோம். இறுதி எண்கள் கலங்கித் தெரிந்தன. "கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று?" என்றார் அவர். நினைவுக்கு வரவில்லை.

நேயர்களே, பகல் வெளிச்சத்தில் எண் பலகை தெரியாத இந்தக் கண்களோடுதான் அன்றிரவு பனியில் ஓட்டியிருக்கின்றோம். அந்த நிமிஷத்தில்தான் புதுப்பித்தல் என்பதன் பொருள் நமக்கு விளங்கிற்று. இருபத்து நான்கு வயதில் தேர்வு கொடுத்த அதே மனிதர்தாமா நாற்பத்தாறு வயதில் வண்டி ஓட்டுகிறார் என்று அரசு கேட்கிறது. கேட்பது அதிகாரிக்காக அன்று. சாலையைக் கடக்கும் யாரோ ஒருவருக்காகக் கேட்கிறது. புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு சென்று சான்று பெற்றோம்.

திறமைத் தேர்வுக்கு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள் வயதினர். நம் பின்னால் நின்ற இளைஞர், கைப்பேசியில் நாம் தமிழில் பேசியதைக் கேட்டு, "ஐயா, நீங்கள் தமிழா?" என்று முகம் மலர்ந்தார். சேலம் மாவட்டத்துக்காரர், முனீர்க்காவில் ஓர் இட்டிலிக் கடையில் வேலை. பொருள் ஏற்றும் சிறு வண்டி ஓட்டினால் சம்பளம் கூடும் என்று முதலாளி சொன்னாராம். கார் ஓட்டும் உரிமம் ஊரிலேயே எடுத்து வைத்திருக்கிறார். ஆயினும், "தமிழ்நாட்டு லைசென்ஸ் டில்லியில் செல்லாது, பழையதைச் சொல்லாமல் இங்கே புதிதாக ஒன்று எடுத்துவிடு" என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு தரகரிடம் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அவரைத் தனியே அழைத்து இரண்டு செய்திகளைச் சொன்னோம். முதலாவது, உங்கள் உரிமம் இங்கும் செல்லும். அசாமிலும் செல்லும், குஜராத்திலும் செல்லும். இரண்டாவது, சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, நடப்பில் உள்ள ஓர் உரிமத்தை வைத்துக்கொண்டே மற்றோர் ஓட்டுநர் உரிமத்தை எவரும் வைத்திருக்கலாகாது. பழையதை மறைத்துப் புதியதைப் பெறுவது, குற்றமற்ற ஒருவர் தாமே குற்றத்தைத் தேடிக்கொள்வதாகும். அவர் ஓட்ட விரும்பிய சிறு வண்டியைப் பற்றியும் சொன்னோம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இதைக் கேட்டதும் அவர் கையிலிருந்த படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கொடுத்த முன்பணம் போகட்டும், ஐயா, வேலை போகாமல் இருந்தால் சரி" என்றார். வேற்றூரில் மொழி தெரியாமல் நிற்பவருக்கு எவர் சொல்வதும் சட்டமாகிவிடுகிறது. தமிழர் ஒருவர் அவரிடம் ஒரு வாக்கியம் முன்பே சொல்லியிருந்தால் அப்பணம் மிஞ்சியிருக்கும்.

ஊரில் நாம் 'எட்டுப் போடுதல்' என்று சொல்லும் வளைவான பாதையை அன்று ஒருவாறு கடந்தோம். பின்னோக்கி ஓட்டும்பொழுது கோட்டைத் தொட்டுவிட்டோம். இருபத்தோராண்டு அனுபவம் என்ற கர்வம் அங்கே அடங்கிற்று. தவறியவர் 7 நாள் கழித்து மீண்டும் வரலாம் என்பது விதி. அந்த ஒரு வாரமும், உரிமம் பெற்ற நண்பர் ஒருவரை மூடிய மைதானம் ஒன்றில் ஓட்டச் செய்து, கண்ணாடியில் பார்த்துப் பின்னோக்கிச் செல்லும் முறையை அருகில் அமர்ந்து கவனித்தோம். இரண்டாம் முறை தேறினோம். புதிய உரிமம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இம்முறை முடிவுத் தேதியை வீட்டு நாட்காட்டியின் அட்டையிலேயே எழுதி ஒட்டியாயிற்று.

புதிதாக உரிமம் பெறவிருக்கும் இளைஞர்களுக்கும் சில வார்த்தைகள். பதினெட்டு வயது நிறைந்தோர் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 50 கன சென்டிமீட்டர் திறனுக்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டும் தேர்வுக்குச் செல்ல முடியும். பழகுங்காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும், வெண்மையான பலகையில் சிவப்பு நிறத்தில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். கார் பழகுவோர் அருகில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். பெற்றோரும் ஒன்றை மறத்தலாகாது. உரிய வயது வராத பிள்ளை வண்டியை எடுத்துச் சென்று குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்துள்ளது.

பழகுநர் தேர்வில் கேட்கப்படும் சாலைக் குறிகளைக் கண்டு, மொழி தெரியாதவர் அஞ்ச வேண்டுவதில்லை. செவ்விளிம்பு கொண்ட முக்கோணம் எச்சரிக்கும். செவ்விளிம்பு வட்டம் விலக்கும். நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியதைச் சொல்லும். செவ்வகம் செய்தி அறிவிக்கும். கன்னியாகுமரியில் கற்ற இக்குறிகளே காஷ்மீரத்திலும் பேசும். மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லாத மொழி இது ஒன்றுதான்!

உரிமத்தையும் வண்டியின் பதிவையும் நம்மவர் குழப்பிக்கொள்வதும் உண்டு. ஓட்டுபவரின் உரிமம் நாடெங்கும் செல்லும். ஆனால், ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 47-ஆவது பிரிவு. தமிழ்நாட்டு எண்ணோடு வண்டியைக் கொண்டுவந்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். உரிம அட்டையை எப்பொழுதும் சுமந்து திரிய வேண்டும் என்பதும் இல்லை. அரசின் டிஜிலாக்கர் என்னும் கைப்பேசிப் பேழையில் உள்ள உரிமத்தையும் அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது.

அலுவலக இந்தியில் லைசென்ஸுக்கு அனுக்ஞப்தி என்று பெயர். அனுமதி அளித்தல் என்ற பொருள் அதில் நிற்கிறது. தமிழில் நாம் உரிமம் என்கிறோம். உரிமை என்ற வேர் அதில் நிற்கிறது. இரண்டு சொற்களையும் நாள்தோறும் கையாளும் நமக்கு, இரண்டும் வேண்டியவையே என்று இப்பொழுது தோன்றுகிறது. எங்கு வாழ்ந்தாலும் இந்நாட்டுச் சாலைகளில் ஓட்டும் உரிமை நமக்கு உண்டு. அதற்குப் பிறர் தந்த அனுமதிக்கு ஒரு முடிவுத் தேதியும் உண்டு.

எதிர்வீட்டு மாமா இப்பொழுது காலையில் மலை மந்திர் வரை நடந்து வருகிறார். எழுபதைக் கடந்தவர், அவருடைய உரிமமும் சென்ற மாதம் முடிவதாக இருந்தது. கண் மருத்துவரிடம் சென்று வந்தவர், புதுப்பிக்க வேண்டாம் என்று தாமே தீர்மானித்து, வண்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். அவருடைய தீர்மானமும் நம்முடைய தேர்வும் ஒரே கேள்விக்கு இருவர் தந்த விடைகள் என்றே நாம் கருதுகின்றோம்.

இப்பேச்சு முடிந்ததும் நேயர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. பணப்பையைத் திறந்து உங்கள் உரிமத்தை எடுத்து, அதிலுள்ள முடிவுத் தேதியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் வேறு எவரேனும் வண்டி ஓட்டுபவராயின் அவருடையதையும் படியுங்கள். அத்தேதி ஓராண்டுக்குள் வருவதாயின் இன்றே விண்ணப்பம் செய்யத் தொடங்கலாம்.